ஒரு முகத்தைப் பார்க்க ஜோகூருக்கு

ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவதற்காக நான் கடல் தாண்டிப் போனேன். அங்கே எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

என் அக்கா மகள் அஞ்சலைக்கு ஜோகூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை கோவிந்தசாமி, செடெனாக் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலக்குவது, டாக்டர் வராத நாளில் டாக்டராகவே இருப்பது எல்லாம் அவர் வேலை. உறவு முறையும் சரியாக இருந்தது. ஆனால் போட்டோ கேட்டு மூன்று கடிதம் போட்டும் அனுப்பவில்லை. "போட்டோ தர மாட்டேன், யாராவது நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. அக்காவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஒரு கண் இல்லையோ, கிழவரோ, என்னவோ என்று. அத்தானுக்குக் கால் வீக்கம். வீட்டில் மிச்சம் இருந்த ஆண்பிள்ளை நான்தான்.

நான் நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதுகிறவன். சாக்கின் மேல் வியாபாரியின் குறியையும் போகிற ஊரின் பெயரையும் தார் மையில் எழுதுவேன். நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணம், மூட்டை பேசாது. மனிதர்கள் பேச வந்தால் அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்கள் தெருவில் யாருக்குக் கால் ஆணி, யாருடைய செருப்பில் வார் போயிற்று என்று கேட்டால் சொல்வேன். முகத்தைக் கேட்டால் தெரியாது. அப்படிப்பட்டவனைத்தான் நாற்பத்தாறு வயதில் முகம் பார்க்க அனுப்பினார்கள்.

புறப்படுகிற அன்று கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அஞ்சலை வந்தாள்.

"மாமா, அம்மாவும் அப்பாவும் வீடு இருக்கா, வேலை நிரந்தரமான்னு கேப்பாங்க. எனக்கு அது வேண்டாம். ஆளு எப்படி இருக்காருன்னு நீங்க வந்து எங்கிட்ட சொல்லணும். நல்லா இருக்காரு, சுமாரா இருக்காருன்னு சொல்லக்கூடாது. எப்படி இருக்காருன்னு சொல்லணும். நான்தானே அவரோட போகணும்?"

"சரிம்மா" என்று அவள் பாதத்தைப் பார்த்துச் சொன்னேன்.

கப்பலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் உண்மைதான்.

சிங்கப்பூரிலிருந்து ரயில், கடலுக்குக் குறுக்கே கல் கொட்டிப் போட்ட பாதையில் ஊர்ந்து ஜோகூர் பாருவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். எங்கள் ஊர்க் கடல் இரவும் பகலும் கத்திக்கொண்டே இருக்கும். இந்தக் கடல் கோயில் குளம் போலச் சும்மா கிடந்தது. இறங்கினதும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழை வருமுன் காற்று மாறும், ஆடு கத்தும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வாளியைக் கவிழ்த்த மாதிரி கொட்டுகிறது. நனைந்தபடியே இபுராகிம் ராவுத்தரின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ராவுத்தர் நாகூர்க்காரர், அத்தானுக்குப் பழக்கம். ஜோகூரில் இருபது வருடம் கடை நடத்துகிறவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே தெருக்கோடிக்குக் கேட்கும்படி பேசுவார்.

"வாங்கண்ணே! வந்ததும் வராததுமா ஒரு சேதி. உங்க மாப்பிள்ளை ஓடிட்டாரு!"

நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே வாசலுக்குத் திரும்பினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"அலமாக்! பயந்துட்டீங்களா? பொந்தியானுக்குத்தான் போயிருக்காரு. அந்தப் பக்கம் பெரியம்மை கண்டிருக்காம். இவரோட கம்பெனிக்கு அங்கேயும் ஒரு தோட்டம் இருக்கு, அம்மை குத்த அனுப்பியிருக்காங்க. எட்டு நாள் கழிச்சு வரச் சொல்லி சீட்டுக் குடுத்தனுப்பியிருக்காரு. அதுவரைக்கும் நம்ம கடையில சாப்பிடுங்க, மாடியில படுங்க."

எட்டு நாள் சாப்பிட்டேன். காலையில் தேங்காய்ப் பாலில் வெந்த சோற்றை வாழையிலையில் மடித்து, பொரித்த நெத்திலியும் காரச் சம்பலும் வைத்துத் தருவார்கள். விடிந்ததும் விடியாததுமாகச் சோறா என்று முதல் நாள் தயங்கினேன். இரண்டாம் நாள் இரண்டு பொட்டலம் கேட்டேன், விரலைக் காட்டித்தான். கோப்பியைத் துணிப்பையில் வடிகட்டி, டின் பாலை ஊற்றித் தருகிறார்கள். கரண்டி நிமிர்ந்து நிற்கும் அவ்வளவு கெட்டி. டுரியான் என்ற பழத்தை ராவுத்தர் என் மூக்குக்கு நேரே நீட்டி, "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குங்க, அப்புறம் நீங்களே தேடுவீங்க" என்றார். மூச்சைப் பிடித்தேன், முழுங்கினேன், இன்று வரை தேடவில்லை.

ராவுத்தர் கடைக்கு அடுத்தது ஆ செங் என்ற சீனரின் கடை. முப்பது வயது இருக்கும், ஒல்லி. கடைச் சுவர் முழுக்க ஆண்களும் பெண்களுமாகப் படங்கள். கறுப்புப் பொடியில் வரைந்தவை. எல்லாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, நேராக நம்மைப் பார்ப்பார்கள். ஏதோ சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் என்று நினைத்தேன்.

"எல்லாம் செத்தவங்கண்ணே" என்றார் ராவுத்தர். "சீனவங்க வீட்டுல வச்சுக் கும்பிடுவாங்க. போட்டோ எடுக்காமலே போயிட்டா, வீட்டுல உள்ளவங்க வந்து அடையாளம் சொல்லுவாங்க, இவன் வரைவான். ஆளைப் பார்த்திருக்கவே மாட்டான்."

மறுநாளே அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு அம்மாளும் வளர்ந்த இரண்டு மகன்களும் வந்தார்கள். ஆ செங் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்தார். ஒரு பக்கம் முழுக்க மூக்குகள். அடுத்த பக்கம் கண்கள். அதற்கு அடுத்தது மோவாய். செத்துப்போன தகப்பனாருக்கு மூக்குப் பொறுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டை வந்துவிட்டது. ராவுத்தர் என் காதருகே குனிந்து மொழிபெயர்த்தார்.

"சின்னவன் இதுதான் அப்பா மூக்குங்குறான். அம்மா சொல்லுது, அது உங்க சித்தப்பன் மூக்குடான்னு. பெரியவன் சொல்றான், அப்பா மூக்கை எவன் பார்த்தான், அவர் கையில இருந்த பிரம்பைத்தானே பார்த்தோம்னு."

அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். கடைசியில் விரலை வைத்து ஒரு மூக்கைக் காட்டினார். மகன்கள் பேசாமல் தலையாட்டினார்கள்.

அன்று பகல் முழுக்க எனக்கு அந்தப் புத்தகம்தான் நினைப்பு. முகம் என்பதைப் பிரித்து வைக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. முழு முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கூச்சம். மூக்கை மட்டும் பார்க்கச் சொன்னால் என்ன கூச்சம்?

மூன்றாம் நாள் பிற்பகல், நான் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஆ செங் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினார். ராவுத்தர் கல்லாவிலிருந்தே மலாயில் என் தொழிலைக் கத்திச் சொன்னார். ஆ செங் ஒரு தூரிகையை என் கையில் கொடுத்து, காகிதத்தில் கோடு போடச் சொல்லிக் காட்டினார். முப்பது வருடம் சாக்கில் எழுதிய கை. கோடு நடுங்காமல் போயிற்று. அவர் நாக்கைத் தட்டி ஒரு சத்தம் செய்தார். என்னைப் பற்றி அப்படி ஒரு சத்தத்தை யாரும் செய்து நான் கேட்டதில்லை.

மூக்கு போட்டேன். கத்தரிக்காய் வந்தது.

"என்னைப் பார்த்துப் போடுங்கண்ணே. என் மூக்குக்கு என்ன குறைச்சல்?" என்று ராவுத்தர் வந்து உட்கார்ந்தார். போட்டு முடித்ததும் எடுத்துப் பார்த்தார். "இது என் மூக்கு இல்லே. என் மாமியா மூக்கு. அதை எங்கே பார்த்தீங்க?"

அன்றிலிருந்து சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு தினமும் போனேன். விளக்குப் புகைக்கரியை மாவாக இடித்து, காய்ந்த தூரிகையில் தொட்டுத் தொட்டு ஏற்ற வேண்டும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் ரொட்டியின் நடுப்பாகத்தை உருட்டி ஒற்றி எடுக்க வேண்டும். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. தப்பாகப் போட்டால் கையில் தட்டுவார். சரியாக வந்தால் அந்தச் சத்தம். முகம் நேராக இருக்க வேண்டும், இரண்டு காதும் ஒரே அளவில் தெரிய வேண்டும், கை முழங்காலில் இருக்க வேண்டும். இதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஒரு தரம் ஒரு காதை விட்டுவிட்டேன். காகிதத்தைக் கிழித்தே போட்டார்.

நாள் போகப் போக வேறொன்று நடந்தது. தூரிகை கையில் இருந்தால் ஒருவர் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் யாரும் கோபிப்பதில்லை. பார்க்கப்படுகிறவர்தான் கூச்சப்படுகிறார். இட்டலித் தட்டு கழுவுகிற அம்மாள், தபால்காரர், மீன் கொண்டு வரும் மலாய்க்காரர் எல்லாரையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். மீன்காரருக்கு இடது கண் சின்னது என்று ராவுத்தரிடம் சொன்னபோது, "இருபது வருசமா மீனையே பார்த்துட்டேன், கண்ணைப் பார்க்கலையே!" என்றார்.

எட்டாம் நாள் ஆ செங் கரிப்பொடி ஒரு பொட்டலமும் இரண்டு தூரிகையும் நல்ல காகிதம் கொஞ்சமும் கட்டிக்கொடுத்தார். கோவிந்தசாமியை வரைந்தே கொண்டுபோய் அஞ்சலையிடம் காட்டிவிடலாம், வாயைத் திறக்கவே வேண்டாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

ரயிலில் எனக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பெரிய அம்மாள் மூன்று கூடைகளோடு உட்கார்ந்திருந்தார். கூடைகளில் வாத்துகள். செடெனாக் வந்தது. நகரச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செடெனாக் போய்விட்டது. அடுத்த நிலையம் லாயாங் லாயாங்கில் அந்த அம்மாளே இறங்கினார். பின்னாலேயே நானும் இறங்கினேன். நல்ல காலம், தண்டவாளம் பார்க்கிற நம் ஆட்கள் நால்வர் தள்ளுவண்டியில் செடெனாக் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள், என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

"ஏன்யா, 'நகருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?" என்றார் ஒருவர்.

"வெட்கமா இருந்துச்சு."

"யாருகிட்ட? வாத்துகிட்டயா?"

செடெனாக் வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இறங்கும்போது நால்வரும் வாத்து மாதிரி கத்தி வழியனுப்பினார்கள்.

தோட்டத்துக்கு உள்ளே இரண்டு மைல். வரிசை வரிசையாகப் பால்மரங்கள், ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு வெட்டு, அடியில் ஒரு கோப்பை. ஆஸ்பத்திரி பலகை வீடு. வாசலில் ஒருவர் நின்றிருந்தார். நான் வழக்கம்போலக் காலைப் பார்த்தேன். சுத்தமான கான்வாஸ் ஜோடு.

"அஞ்சலையோட மாமாதானே? வாங்க. முதல்ல தலையை நிமிர்த்திப் பாருங்க. அதுக்குத்தானே வந்தீங்க."

பார்த்தேன். நெற்றியிலிருந்து மோவாய் வரை அம்மைத் தழும்பு. ஒரு விரல் வைக்க இடமில்லாமல் குழி. மூக்கின் நுனியில்கூட இருந்தது. கண் மட்டும் தப்பித்து நல்ல கண்ணாக இருந்தது.

"பன்னிரண்டு வயசுல வந்துச்சு" என்றார். "எங்கம்மாவையும் ரெண்டு தங்கச்சியையும் கொண்டுபோயிடுச்சு. என்னை விட்டுட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சு. உட்காருங்க, சாப்பிடலாம்."

அவரே சமைத்தார். மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுச் சம்பலும். சாப்பிடும்போது போட்டோ கதையைச் சொன்னார். சிங்கப்பூரில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்திருக்கிறார். அந்த ஆள் படம் பதிகிற கண்ணாடித் தட்டில் ஊசியால் சுரண்டித் தழும்பையெல்லாம் எடுத்துவிட்டு, "ராஜா மாதிரி இருக்கீங்க" என்று கொடுத்திருக்கிறார். இவரும் ஆசையில் அதையே ஊருக்கு அனுப்பிவிட்டார். பெண் நிச்சயமாயிற்று. கல்யாணத்துக்குப் போய் இறங்கினால், பெண்ணின் தாயார் வாசலில் நின்று போட்டோவையும் இவரையும் மாறி மாறிப் பார்த்து, "இதுல இருக்கிற மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டாராம்.

"மோசடின்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னதுல என்ன தப்பு?" என்று சிரித்தார். என் தட்டில் இன்னொரு துண்டு கிழங்கு வைத்தார். "அதனாலதான் நேர்ல வரச் சொன்னேன். நீங்க ஊருக்குப் போய் எப்படிச் சொல்லுவீங்க?"

'தழும்பு இருக்கிறது' என்று சொன்னால் அக்கா அந்த ஒரு வார்த்தையோடு கதவைச் சாத்திவிடுவாள். 'இல்லை' என்று மறைத்தால் ஒரு நாள் அஞ்சலை இதே போல ஒரு வாசலில் நிற்பாள். இரண்டில் எது நடந்தாலும் அது என் வாயிலிருந்து போனதாக இருக்கும்.

"நான் வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுநாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். ஆ செங் சொல்லிக்கொடுத்தபடியே போட்டேன். நாற்காலி, நேர்முகம், இரண்டு காது, முழங்காலில் கை. கண்ணும் மூக்கும் அச்சாக வந்தன. கன்னம் வந்தபோது கை தயங்கியது. இந்த முகத்தை இன்னும் நோகடிப்பானேன் என்று பட்டது. பொடியை வழவழவென்று ஏற்றினேன். மிக அழகாகவே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அதைச் சாய்த்து வைத்தேன். அப்போது தோட்டத்துக்குச் சாமான் கொண்டு வருகிற சீன வண்டிக்காரர் காய்ச்சல் மருந்துக்கு வந்தார். படத்தைப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மலாயில் ஏதோ கேட்டார். டிரெஸர் உள்ளேயிருந்து வந்தார். வண்டிக்காரர் அலறிக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போனார்.

டிரெஸர் விழுந்து விழுந்து சிரித்தார். "'டிரெஸர் எப்போ செத்தாரு, நல்ல மனுஷனாச்சே'ங்குறாரு! சீனவங்க உயிரோட இருக்கிறவங்களை இப்படி உட்கார வச்சு, ரெண்டு காதும் தெரிய வரைய மாட்டாங்களாம். இது சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கிற படமாம்!"

ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்திலிருந்து பெண்கள் கூடிவிட்டார்கள். "மாலை வாங்கியாரவா டிரெஸரே?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். படத்தைக் கையில் எடுத்துப் பார்த்த டிரெஸர் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"கன்னத்துல ஒண்ணையும் காணோமே."

நான் தூரிகையை எடுத்துத் துணியில் துடைத்தேன்.

"அந்த ஸ்டுடியோக்காரன் ஊசியால செஞ்சதை நீங்க தூரிகையால செஞ்சிருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படத்தை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் பிற்பகல் ரயிலில் புறப்பட்டுவிடுவது என்று மூட்டையைக் கட்டினேன்.

ஆனால் அடுத்த நாள் காலையில் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது, முடிந்ததும் யாரும் பால் வெட்டக் காட்டுக்குப் போகவில்லை. பொந்தியானில் கண்ட அம்மை இங்கே வரக்கூடாது என்று எல்லாருக்கும் மறுபடி அம்மை குத்த உத்தரவு. தாழ்வாரத்துக்கு முன்னால் வரிசை. வரிசையில் முதல் ஆளாக வீரன் என்று ஒருவர். யானை மாதிரி ஆள். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேணாங்க டிரெஸரே. ஆத்தா கோவிச்சுக்கும்."

"ஆத்தாவுக்கும் எனக்கும் பழக்கம் இருக்கு" என்று டிரெஸர் தம் முகத்தைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே வைத்தார். "எனக்கு எத்தனை முத்துப் போட்டாங்கன்னு தொட்டுத் தொட்டு எண்ணு. எண்ணி முடிச்சுட்டா உனக்குக் குத்தல, நீ போலாம்."

வீரன் பயந்து பயந்து வலது கையின் ஒரு விரலைக் கன்னத்தில் வைத்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." எல்லாரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். பதினேழு வரும்போது வீரன் "ஆ!" என்றார். அவருடைய இடது புஜத்தில் வேலை முடிந்திருந்தது.

"மிச்சத்தை அடுத்த வருசம் எண்ணிக்க. அடுத்த ஆளு!"

"எங்க வீட்டுக்காரரு போன தடவை நாப்பது வரைக்கும் எண்ணினாரு!" என்று ஒரு பெண் பெருமையாகக் கத்தினாள். ஒவ்வொருவராக வந்து அந்த முகத்தைத் தொட்டார்கள், எண்ணினார்கள், சிரித்தார்கள், குத்திக்கொண்டு போனார்கள். அந்த முகம் வழவழவென்று இருந்தால் அன்றைக்குப் பாதிப் பேர் காட்டுக்குள் ஓடியிருப்பார்கள்.

நான் மூட்டையை அவிழ்த்துக் காகிதத்தை எடுத்தேன். நாற்காலி கிடையாது, நேர்முகம் கிடையாது. அவர் திரும்பித் திரும்பி நின்றார், ஒரு காதுதான் தெரிந்தது. முன்னால் ஒரு கங்காணி வந்து நின்று மறைத்தார். தலைப்பாகை கட்டின பெரிய கங்காணி.

"கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்றேன்.

அவர் நகர்ந்துகொண்டார்.

வரிசை முடிவதற்குள் இரண்டு உருவமும் வந்துவிட்டன. வீரனின் விரல், டிரெஸரின் கன்னம், ஊசியோடு கீழே ஒளித்து வைத்த கை. பிற்பகல் ரயில் கூவிக்கொண்டு போனது கேட்டது. டிரெஸரிடம் போய், "கதவுப் பக்கம் உட்காருங்க. வெளிச்சம் பக்கவாட்டில விழணும்" என்றேன். காகிதத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்தார்.

குழியைப் போடுவது லேசாக இல்லை. முதலில் கறுப்புப் புள்ளி வைத்துப் பார்த்தேன். எள்ளுருண்டை மாதிரி இருந்தது. அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஓரம் நிழல், எதிர் ஓரம் வெளிச்சம். நிழலுக்குத் தூரிகை நுனி, வெளிச்சத்துக்கு ரொட்டித் துணுக்கு. ஒன்று சரியாக வந்ததும் மற்றவையும் வந்தன. மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் அவர் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, தூரிகையை எடுத்துவிட்டேன்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றார். அன்றுதான் முதல் தடவையாக என்னை அப்படிக் கூப்பிட்டார். "தொட்டவங்க நிறையப் பேரு. இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. எல்லாத்தையும் போட்டுடுங்க. மிச்சம் வைக்காதீங்க."

வைக்கவில்லை.

திரும்பும் வழியில் ஜோகூர் பாருவில் படத்தை ஆ செங்கிடம் காட்டினேன். கிழித்துவிடுவாரோ என்று பயந்தபடிதான். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ராவுத்தரிடம் ஏதோ சொன்னார்.

"ஒரு காதுதான் இருக்காம்" என்றார் ராவுத்தர். "அதனால ஆளு உயிரோட இருக்காரு, இந்தப் படம் எங்கிட்ட செல்லாது, எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்கிறான்." ஆ செங் நாக்கைத் தட்டி அந்தச் சத்தம் செய்தார்.

வீட்டில் படத்தை விரித்தபோது அத்தான் எழுந்து வெளியே போனார். அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏண்டா, இப்படியா போட்டுக்கிட்டு வருவே? கொஞ்சம் குறைச்சுப் போட்டா என்ன? ஆளு இப்படின்னா எனக்கு வேண்டாம். எழுதிப் போட்டுடு."

அக்காவுக்கு எதிரே நான் அதுவரை பேசியதில்லை. "அவர் இப்படித்தான் இருக்கார்க்கா. நான் பார்த்துட்டு வந்திருக்கேன். வேண்டாம்னு சொல்ல வேண்டியது அஞ்சலை. அவ பார்க்கட்டும்" என்றேன். அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அஞ்சலை படத்தைச் சன்னலடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்த ஆளு ஏன் இவர் கன்னத்தைத் தொடுறாரு, மாமா?"

சொன்னேன். வீரனைச் சொன்னேன், ஆத்தாவைச் சொன்னேன், பதினேழைச் சொன்னேன். ஸ்டுடியோக்காரரையும், வாசலில் நின்ற அந்தத் தாயாரையும் சொன்னேன். என் ஆயுளில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அக்கா அடுப்படிக் கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாப்பது வரைக்கும் எண்ணினவர் கதையில் அஞ்சலை சிரித்துவிட்டாள். பிறகு விரலால் படத்தைத் தொடாமல் தொட்டு ஏதோ எண்ணினாள்.

"அவர் என்னைப் பார்த்துட்டு வர யாரை அனுப்பினாரு?"

"யாரையும் அனுப்பலையேம்மா."

"அப்போ அவருக்கு மட்டும் நான் எப்படி இருக்கேன்னு யாரு சொல்றது?" படத்தை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "கரிப்பொடி மிச்சம் இருக்கா? என்னையும் போடுங்க மாமா. பல்லையும் சேர்த்துப் போடுங்க."

அவளுக்கு முன்பல் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் முன்பு வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயின. யார் பார்த்தாலும் உதட்டை இழுத்து மூடிக்கொள்வாள். எதிரே வந்து உட்கார்ந்தபோதும் அப்படித்தான் மூடிக்கொண்டாள்.

பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் இடது புருவத்தின் நடுவில் ஒரு சின்னச் சுழி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஆரம்பித்தேன். கண்ணும் மூக்கும் முடிந்து வாய்க்கு வந்தேன்.

"வாயை மூடாதே" என்றேன்.

அவள் திறந்தாள்.